கிணற்றில் முங்கிப் பழகியவர் கடலில் ஸ்கூபா கற்கலாமா?

கல்லல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 28. ஜனவரியில் நண்பர்களோடு அந்தமான் போகிறார், அங்கே ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று டேங்கோடு கடலுக்கடியில் மூச்சுவிட்டபடி முங்குவது, செய்து பார்க்க ஆசை. சின்ன வயதிலிருந்து தோட்டத்துக் கிணற்றில் நீந்துகிறவர்தான், ஆனால் அடிமண்ணை எடுக்கப் போனால் காது குத்துகிறதாம். 'நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்கூபா பண்ணலாம்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, நிஜமா? கீழே போய் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால் என்னடா செய்வாய் என்று ஆத்தா கேட்கிறார், என்ன பதில் சொல்வது? ஒரு நாள் முங்கிப் பார்த்தால் போதுமா, முறையாகக் கற்க வேண்டுமா? இவைதான் கேள்விகள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் அடிபட்டது அதில்தான்.

எனக்கு இப்போது 47. தேவகோட்டையில் பிறந்து காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். 36 வயதில் ஒரு கடற்கரைக்குச் சுற்றுலா போன இடத்தில், 'நீச்சல் எல்லாம் வேணாம் ஆச்சி, நாங்களே பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பிடிச்சுக்கிட்டு வந்துருவோம்' என்று சொல்லி டேங்கை மாட்டிவிட்டார்கள். பத்து நிமிட விளக்கம். அதில் பாதி நேரம் போட்டோவுக்கு எவ்வளவு, வீடியோவுக்கு எவ்வளவு என்ற பேச்சு. தண்ணீருக்குள் போனதும் பின்னாலிருந்து டேங்கைப் பிடித்து அந்த ஆள் என்னைக் கீழே அழுத்திக்கொண்டு போனார். இரண்டு ஆள் உயரம் போவதற்குள் காதில் ஊசி ஏற்றினாற்போல் வலி. வாயில் ரெகுலேட்டர், அதாவது டேங்கிலிருந்து காற்று தருகிற வாய்க்குழாய், இருக்கிறது, பேச முடியாது. 'சரியில்லை' என்று சொல்வதற்காகக் கட்டைவிரலைக் கீழே காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கீழே கொண்டுபோனார். நான் இன்னும் வேகமாகக் கட்டைவிரலைக் கீழே காட்டினேன். அவர் இன்னும் கீழே.

முங்குகிறவர்களின் சைகையில் கட்டைவிரல் கீழே என்றால் 'கீழே போகலாம்' என்று அர்த்தம். கட்டைவிரல் மேலே என்றால் 'சூப்பர்' இல்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எல்லாம் சரி என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்றால் கையைத் தட்டையாக விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, எங்கே கோளாறோ அங்கே சுட்டிக்காட்ட வேண்டும். எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. மேலே வந்தபோது மாஸ்க்குக்குள் மூக்கிலிருந்து ரத்தம். இரண்டு வாரம் இடது காது அடைத்தபடியே இருந்தது. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பக்கத்து வளவில் பேசுவதுபோல் கேட்டது.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேரை முக்கி எடுக்க வேண்டிய பிழைப்பு அது. ஆனால் அன்றைக்கு நான் ஸ்கூபா செய்யவில்லை. என்னை யாரோ ஸ்கூபா செய்தார்கள். முறையாகக் கற்பதற்கும் ஒரு நாள் முங்கிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நல்ல இடங்களில் ஒரு நாள் அனுபவத்தைக்கூட ஒழுங்காக, ஆழமில்லாத தண்ணீரில் அரை மணி நேரமாவது பழக்கிவிட்டு, பயிற்சியாளரே கூட இருந்து, 12 மீட்டருக்குள் முடித்துக் கூட்டி வருவார்கள். அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் போங்கள், தப்பில்லை. 'பத்தே நிமிஷம்' என்கிறவர்களிடம் போகாதீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து, என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள் என்ற சாக்கில் தியோமான் தீவுக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்து முறையாகக் கற்றேன். பிறகு டைவ் மாஸ்டர், அதாவது பயிற்சியாளருக்குத் துணை நிற்கிற வழிகாட்டி, என்ற நிலை வரைக்கும் போனேன். நம் ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழிலுக்கு, போனபோது அதே கடல்களின் மேலே எத்தனை முறை போய் வந்திருப்பார்கள்! கப்பலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது யோசித்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வட்டிக் கணக்கில் இருந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் காது.

கொடைக்கானல் பஸ்ஸில் மலையேறும்போது காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் 'டப்'பென்று திறக்கும் இல்லையா, அதே சங்கதிதான். நடுக்காதில் ஒரு சிட்டிகைக் காற்று அடைபட்டிருக்கிறது. அதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. சாதாரணமாக அது மூடியே இருக்கும். மலையில் பல நூறு மீட்டர் ஏறினால் உண்டாகிற அழுத்த மாற்றம் தண்ணீரில் ஓரிரு மீட்டரிலேயே வந்துவிடும். தரையில் நம் மேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலிருந்து 10 மீட்டருக்குப் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது, காற்று பாதியாகச் சுருங்கிவிடுகிறது. 20-இலிருந்து 30-க்குப் போகும்போது மாற்றம் அவ்வளவு பெரிதில்லை. அதனால் காதுக்குக் கஷ்டமெல்லாம் முதல் 10 மீட்டரில்தான், அதிலும் முதல் நாலைந்து மீட்டரில்தான். உங்கள் கிணறும் அந்த ஆழம்தான். கிணற்றில் காது குத்துகிறது என்பதால் உங்கள் காது ஸ்கூபாவுக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தலைகீழாக ஒரே மூச்சில் அடிக்குப் பாய்ந்தால் யாருக்கும் குத்தும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக ஊதுங்கள். மெதுவாக என்பதை இன்னொரு முறை படியுங்கள். மெழுகுவர்த்தி அணையாமல் சுடர் மட்டும் ஆடுகிற அளவுக்கு. காதில் மெல்லிய 'கிளிக்' கேட்கும். சிலருக்கு மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்கினாலே போதும். எனக்கு வலது காது விழுங்கினால் திறந்துவிடும், இடது காதுக்கு ஊத வேண்டும். கடலில் தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று அடிக்கு ஒரு முறை. வலி வந்த பிறகு செய்வதில்லை, வருவதற்கு முன்னால் செய்வது. வலி வந்துவிட்டால் அந்தக் குழாயின் வாய் ஏற்கெனவே அழுந்தி மூடிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது பலமாக ஊதினால் செவிப்பறைக்குத்தான் கேடு. இரண்டு மூன்று அடி மேலே வந்து மறுபடி முயல வேண்டும். திறக்கவில்லையா, அன்றைக்கு முங்கல் கிடையாது. சளி பிடித்திருந்தாலும் கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. மாத்திரையின் வேகம் கீழே இருக்கும்போது இறங்கிவிட்டால், மேலே வருகிறபோது காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

கால் கீழே, தலை மேலே என்று நின்றவாக்கில் இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும். படகிலிருந்து கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை மூக்கில், ஒரு கை கயிற்றில் என்று இறங்குங்கள். கூட வருகிறவர்கள் அதற்குள் அடிக்குப் போய்க் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

காதை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. விளம்பரக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. கிணற்றில் கற்ற ஒரு நல்ல பழக்கம் கடலில் ஆளைக் கொல்லும்.

கிணற்றில் நாம் முதலில் கற்றது என்ன? தம் கட்டுவது. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிட்டு, 'மூச்சைப் பிடிச்சுக்க' என்று சொல்லித்தான் தள்ளிவிட்டார்கள். மேலே இழுத்த ஒரு மூச்சோடு கீழே போகிறோம். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்குகிறது, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரிகிறது. நுரையீரலுக்கு ஒரு சேதமும் இல்லை. ஸ்கூபாவில் நிலைமை வேறு. ரெகுலேட்டர் நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கே காற்றைத் தருகிறது. அதனால்தான் கீழே மூச்சு இழுக்கவே முடிகிறது. 10 மீட்டரில் ஒரு முழு மூச்சு இழுத்தால், மேலே இழுப்பதைப் போல இரண்டு மடங்கு காற்று நெஞ்சுக்குள் வந்திருக்கும். ஏதோ பயத்தில் அதைத் தம் கட்டிக்கொண்டு மேலே பாய்ந்தால், அது விரிந்து இரண்டு மடங்கு இடம் கேட்கும். நெஞ்சில் இடம் ஏது? நுரையீரல் கிழியும். காற்று ரத்தத்தில் கலந்தால் மூளைக்கும் போகும். இதற்கு 10 மீட்டர்கூட வேண்டாம், நீச்சல் குளத்தின் ஆழத்திலேயே நடக்கலாம்.

ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி: தம் கட்டாதே. எப்போதும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில்கூட உதட்டைக் குவித்துச் சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீச்சலே தெரியாதவருக்கு இதைச் சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்கிறார். கிணற்று நீச்சல்காரர்களுக்குத்தான் வராது. நான் டைவ் மாஸ்டராகக் கூட நின்ற பயிற்சிகளில், தண்ணீர் மூக்கில் ஏறியதும் கன்னம் உப்பிக்கொண்டு தம் கட்டி மேலே பாய்ந்தவர்கள் பெரும்பாலும் 'எனக்கு நீச்சல் நல்லா வரும்' என்று முதல் நாள் சொன்னவர்கள்தான். தண்ணீர் என்றாலே தம் கட்டு என்று உடம்பு படித்துவைத்திருக்கிறது. அதை அழித்துவிட்டு எழுத வேண்டும்.

கையும் அப்படித்தான். கிணற்றில் கையை வீசி வீசித் தண்ணீரைத் தள்ளுகிறோம். கடலுக்கடியில் கைக்கு வேலையே இல்லை. என் பயிற்சியாளர், பேராக்கில் பிறந்த தமிழர், இரண்டு நாள் என்னை என் முழங்கைகளையே பிடித்துக்கொண்டு நீந்தவைத்தார். ஏறுவதும் இறங்குவதும் மூச்சினால். மெதுவாக இழுத்தால் இரண்டு நொடி கழித்து உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் கொஞ்சம் தாழும். அந்த இரண்டு நொடித் தாமதம் பிடிபடுவதற்கு எனக்கு மூன்று முங்கல் ஆனது. பிடிபட்ட அன்றைக்கு ஒரு பவளப்பாறைக்கு ஒரு முழம் மேலே அசையாமல் மிதந்துகொண்டிருந்தேன். தொடவும் இல்லை, விலகவும் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காசைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

'நீச்சல் தெரியாமலே' என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஒரு நாள் அனுபவத்துக்கு நீச்சல் கேட்பதில்லை, உண்மைதான். சான்றிதழ்ப் படிப்புக்குக் கட்டாயம் வேண்டும். உலகெங்கும் ஸ்கூபா சான்றிதழ் தருகிற பேடி அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் படிப்பில் எந்த நீச்சலாக இருந்தாலும் சரி, நேரக் கணக்கு இல்லாமல் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். மாஸ்க், துடுப்புச் செருப்பு, ஸ்நார்க்கல் (முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே நீட்டி மூச்சுவிடுகிற குழாய்) போட்டுக்கொண்டால் 300 மீட்டர். கிணற்றில் பத்துச் சுற்று சுற்றுகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. பேடி என்ற பெயரைக் கேட்டு முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். தமிழில் கோழையைத்தானே அப்படிச் சொல்வோம்! எஸ்எஸ்ஐ என்று இன்னொரு அமைப்பும் உண்டு. இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சொல்லித்தருகிற ஆள்தான் முக்கியம்.

அடுத்தது ஆத்தாவின் கேள்வி. நல்ல கேள்வி, அவர்களுக்குக் கணக்காகவே பதில் சொல்லுங்கள்.

முதலில், டேங்கில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை. நாம் இப்போது மூச்சிழுக்கிற இதே காற்று, ஈரத்தையும் தூசியையும் வடிகட்டி அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்ஸிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. சாதாரண டேங்கின் கொள்ளளவு 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில், அடைத்தால் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்று. புதிதாக வருகிறவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அது இரண்டு மடங்கு, 40 லிட்டர். கடைசி 50 பாரைத் தொடுவதே இல்லை, அது மேலே வருவதற்கான இருப்பு. மிச்சம் 1650 லிட்டர். வகுத்துப் பார்த்தால் 40 நிமிடம் வரும். எவ்வளவு மிச்சம் என்று இடுப்புப் பக்கம் தொங்குகிற மீட்டர் காட்டிக்கொண்டே இருக்கும். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, பயிற்சியாளர் கேட்கும்போது விரலால் சொல்ல வேண்டும். பைக்கில் பெட்ரோல் முள்ளைப் பார்க்காமல் போய், குன்றக்குடி ரோட்டில் தள்ளிக்கொண்டு வருகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்கும் மீறித் தீர்ந்துவிட்டால்? ஒவ்வொருவர் டேங்கிலும் இரண்டு வாய்க்குழாய் இருக்கும். ஒன்று அவருக்கு, இன்னொன்று, மஞ்சள் நிறத்தில் நெஞ்சுப் பக்கம் தொங்குவது, மற்றவருக்கு. தனியாக முங்குவதே கிடையாது, ஜோடியாகத்தான். கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவதுபோல் காட்டினால் 'காற்று இல்லை' என்று அர்த்தம். ஜோடியின் மஞ்சள் குழாயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மெதுவாக மேலே வருவீர்கள். இதை நீச்சல் குளத்தில் செய்துபார்த்துப் பழகிய பிறகுதான் கடலுக்கு விடுவார்கள். அந்த 'மெதுவாக'வை ஆத்தாவிடம் விளக்க ஒரு கோலி சோடா போதும். பட்டென்று உடைத்தால் பொங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் அடங்கும். ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. விருட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் அடைக்கும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருவது வழக்கம்.

அதே காரணத்துக்காக, முங்கிவிட்டு உடனே விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பல நாள் முங்கியிருந்தால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் ஒரு முழு நாள் விட்டுவிடுவேன். அந்தமான் பயணத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைப்பது. உங்கள் நண்பர்களிடம் இப்போதே சொல்லி முதல் இரண்டு நாளுக்கு மாற்றுங்கள். முங்கிவிட்டு நேரே கொடைக்கானல் ஏறுவதும் இதே தப்புதான், மலையும் உயரம்தானே.

படிப்பு எப்படி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நாலு நாள். பாடம் கொஞ்சம், கடைசியில் ஒரு தேர்வு. குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ ஐந்து பயிற்சி, பிறகு கடலில் நாலு முங்கல். முதல் இரண்டும் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டும் 18 மீட்டருக்குள். முடித்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும் அட்டை. இந்தியாவில் நான் விசாரித்த இடங்களில் 25,000 முதல் 40,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று கேட்டிருக்கும். எதற்காவது 'ஆம்' என்று போட்டால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அலைச்சலுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் வீசிங் இருந்து நின்றுவிட்டாலும் எழுதுங்கள். நுரையீரல் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டால் ஏன் என்று புரியும்.

இந்தப் படிப்பில் நிறையப் பேர் தோற்பது ஆழத்திலும் இல்லை, காதிலும் இல்லை. மாஸ்க்குக்குள் வந்த தண்ணீரை வெளியேற்றுவதில்தான். குளத்து அடியில் மண்டியிட்டபடி, வேண்டுமென்றே மாஸ்க்கின் விளிம்பைத் தூக்கித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். கண், மூக்கு எல்லாம் தண்ணீர். வாயில் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மூக்கில் தண்ணீர் பட்டதும் 'செத்தோம்' என்கிறது உடம்பு. மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் நிதானமாக ஊதினால் தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியே போய்விடும். சொல்லும்போது சுலபம். நான் மூன்று முறை எழுந்து ஓடினேன். பயிற்சியாளர் திட்டவில்லை. 'வீட்ல பெரிய பாத்திரம் இருக்கா?' என்று கேட்டார்.

செட்டிநாட்டு வீட்டில் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால்! ஊருக்குத் திரும்பியதும் இரண்டாங்கட்டிலிருந்து விசேஷத்துக்கு எடுக்கிற அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வளவில் வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். மாஸ்க் இல்லாமல், ஸ்நார்க்கல் மட்டும் வாயில். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணைத் திறந்து, வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். முதல் நாள் ஆறு மூச்சு தாங்கினேன். அப்பத்தா தூணடியில் உட்கார்ந்து, 'கடலுக்குப் போறேன்னா, இப்ப அண்டாவுக்குள்ள போயிட்டா' என்று வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம் வந்தது. மூக்கு வேறு, வாய் வேறு என்று மூளை அப்போதுதான் ஒத்துக்கொண்டது. அடுத்த பயணத்தில் மாஸ்க்கை முழுக்கக் கழற்றி மறுபடி போடச் சொன்னபோது அண்டாவை நினைத்துக்கொண்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள், ஜனவரி வரைக்கும் நாள் இருக்கிறது. பக்கத்தில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள்.

கிணற்றில் டேங்க் போட்டுப் பழகலாமா என்று கேட்டுவிடாதீர்கள். கலங்கல், படிக்கட்டு, மோட்டார் குழாய், கயிறு. எதிலாவது மாட்டினால் எடுக்க ஆள் இருக்காது.

எங்கே கற்பது? நமக்கு மிக அருகில் தொண்டிக் கடல். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறைகூட அங்கேதான் இருக்கிறது. ஆனால் பாக் நீரிணை ஆழமில்லாத, சேறும் கடற்புல்லுமான கடல், முங்கிப் பார்க்கத் தெளிவிருக்காது. கடல்பசு மேய்கிற இடம். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வரலாம், அதுவே ஒரு நல்ல நாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் நாமாக இறங்க முடியாது.

முறையாகக் கற்பதற்குக் கிட்டத்தில் என்றால் புதுச்சேரி. விடியற்காலைப் பல்லவனில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால் பஸ்ஸில் ஒரு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் போகாதீர்கள். மற்ற மாதங்களிலும் கடல் ஒரு நாள் கண்ணாடியாக இருக்கும், மறுநாள் மோராக இருக்கும். படகும் நன்றாக ஆடும். முந்தின ராத்திரி மட்டன் சுக்காவை ஒரு கை பார்த்துவிட்டு வந்தவர்கள் படகின் ஓரத்தைப் பிடித்தபடி படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கடலுக்கடியில் வாந்தி வந்தால் ரெகுலேட்டரை எடுக்காமல் அதற்குள்ளேயே எடுக்கலாம், அது தாங்கும். மீன்கள் சந்தோஷமாக வரும்.

தெளிவான தண்ணீரும் பவளமும் வேண்டுமென்றால் அந்தமானில் ஸ்வராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக். ஜனவரி நல்ல மாதம். நாலு நாள் ஒதுக்க முடிந்தால் அங்கேயே படிப்பை முடித்துவிடலாம், என் யோசனை அதுதான். நண்பர்கள் செல்ஃபி எடுத்துச் சுற்றட்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், அங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு மலேசியத் தீவுகளும் வசதி. ஆனால் கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையில் கிடக்கும், ஏப்ரலுக்குப் பிறகு போங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நாலுக்கு மேல் என்றால் வேண்டாம். படகில் அவசர ஆக்ஸிஜன் பெட்டி இருக்கிறதா? காது திறக்காவிட்டால் இன்னொரு நாள் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

சில்லறை விஷயங்கள். மீசை பெரிதாக இருந்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு கத்தரித்துவிடுங்கள், மனசில்லை என்றால் வாஸ்லின் தடவுங்கள். பெண்கள் யாராவது கூட வந்தால், நெற்றியில் ஒரு முடி மாஸ்க்கின் விளிம்புக்குள் போனாலும் ஒழுகும் என்று சொல்லுங்கள். மூக்குத்தியும் தாலியும் வீட்டில். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் மாஸ்க் வழுக்கும். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவுவார்கள், அருவருப்புப் படாதீர்கள்.

இன்னொன்று. படகில் எல்லோருடைய சாமானும் கறுப்பாகவே இருக்கும், எது யாருடையது என்று தெரியாது. நான் அடையாளத்துக்கு ஒரு பழைய கண்டாங்கிச் சேலையின் ஓரத்தைக் கிழித்து என் டேங்க் பட்டையில் கட்டியிருந்தேன். நல்ல அரக்குச் சிவப்பு. 15 மீட்டரில் திரும்பிப் பார்த்தால் அது கறுத்துப்போய் அடிப்பிடித்த பாத்திரம்போல் இருந்தது. சாயம் போய்விட்டதோ என்று பதறிவிட்டேன். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பயிற்சியாளர் டார்ச்சை அடித்தார், வட்டமாக விழுந்த அந்த வெளிச்சத்துக்குள் மட்டும் தறியிலிருந்து இறக்கினாற்போல் சிவப்பு.

ஸ்நார்க்கல் வாங்க வேண்டாம் தம்பி, என்னிடம் இரண்டு சும்மா கிடக்கின்றன. காரைக்குடிப் பக்கம் வரும்போது சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன். அண்டாவும் வேண்டுமானால் ஆளோடு வரவும், அது தனி ஆள் தூக்குகிற கனம் இல்லை.